அவங்க உனக்கு என்ன உறவு?

2022 மே 11, புதன்கிழமை. அப்போது நான் தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். காலை ஏழரைக்கு உள்ளே நுழைந்தபோது எதிர் மேஜைக்காரர் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலஸ்தீனர், ஐம்பதை நெருங்கியவர். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அன்று அவர் முன்னால் இருந்த டீ ஆறி ஆடை கட்டிப் போயிருந்தது. ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஷிரீன்" என்றார். தங்கையா என்றேன். இல்லை என்று தலையசைத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அல் ஜசீரா ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை பார்த்த தஞ்சாவூர்த் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அவருக்கு அவங்க என்ன உறவுண்ணே?" டிவியில் செய்தி சொல்கிறவர் என்றேன். "டிவில வர்றவங்களுக்கா இப்படி?" என்றான். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடிப் படித்தபோது இந்த நிலைக்கு ஒரு பெயரே இருப்பது தெரிந்தது. அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இறந்தவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஷிரீன் அபு அக்லே 1971இல் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர். ஜோர்டானில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து, அது தனக்கு ஒத்துவராது என்று இதழியலுக்கு மாறினார். 1997இல் அல் ஜசீராவில் சேர்ந்தார். அந்தத் தொலைக்காட்சி தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடைசி நாள்வரை அங்கேதான் இருந்தார். 2000 செப்டம்பரில் இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிராகப் பாலஸ்தீனர்களின் இரண்டாவது இன்திஃபாதா எழுச்சி தொடங்கியபோது மேற்குக் கரை ஊர்களில் ஊரடங்குக்கு மேல் ஊரடங்கு. வீட்டுக் கதவைத் திறக்க முடியாத குடும்பங்கள், இரண்டு தெரு தள்ளி என்ன நடக்கிறது என்பதையே இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டன. 2002 ஏப்ரலில் ஜெனின் அகதிகள் முகாமில் நடந்த சண்டையையும் அங்கே போய்ச் சொன்னவர் இவர். செய்தியை முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே நிதானத்தில் தன் பெயர், அல் ஜசீரா, நிற்கும் ஊரின் பெயர் என்று சொல்லி நிறுத்துவார். அதைக் கேட்டு வளர்ந்த சிறுமிகள் கண்ணாடி முன்னால் நின்று, தலைவாரும் சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிறுமிகளில் சிலர் இன்று நிருபர்கள்.

அந்த மே 11 காலை 6:13க்கு அவர் தன் அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஜெனினுக்குள் இஸ்ரேலியப் படை நுழைந்து ஒரு வீட்டைச் சூழ்ந்திருக்கிறது, நான் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன், நிலைமை தெளிவானதும் தகவல் தருகிறேன் என்பது அதன் சாரம். அரை மணி நேரத்துக்குள் தலையில் குண்டு பாய்ந்து விழுந்துவிட்டார். தலைக்கவசம் போட்டிருந்தார். 'பிரஸ்' என்று பெரிதாக எழுதிய நீல நிறக் கவச உடையும் போட்டிருந்தார். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தன் விசாரணைக்குப் பிறகு, குண்டு இஸ்ரேலியப் படைகளின் பக்கத்திலிருந்து வந்தது என்று 2022 ஜூனில் சொன்னது. தங்கள் வீரரின் துப்பாக்கியால் தவறுதலாகச் சுடப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று செப்டம்பரில் இஸ்ரேலிய ராணுவம் சொன்னது. குற்ற வழக்கு எதையும் அது தொடுக்கவில்லை.

சரி, இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

ஒருதலை நட்பு

ஒருதலைக் காதல் என்றால் என்னவென்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே மாதிரி ஒருதலை நட்பும் உண்டு. ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. அவர் குரலை இருட்டில் கேட்டாலும் அடையாளம் சொல்வோம், நாம் எதிரே போய் நின்றாலும் அவருக்கு யாரென்று தெரியாது. இதை ஆங்கிலத்தில் பாராசோஷியல் உறவு என்கிறார்கள். உண்மையான உறவுக்கு அருகில், ஆனால் அதற்கு வெளியே நிற்கும் உறவு என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பெயரை 1956இல் வைத்தவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம் அது. திரையில் இருப்பவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அவர் தன் கண்ணைப் பார்த்துப் பேசுவது போல இருக்கிறது. பார்ப்பவரும் சும்மா இருப்பதில்லை, மனதுக்குள் பதில் சொல்கிறார், ஒத்துப்போகிறார், கோபித்துக்கொள்கிறார். நாளுக்கு நாள் இது கூடி, தூரத்தில் இருந்துகொண்டே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. அவர்கள் கவனித்த விஷயத்தின் சுருக்கம் இவ்வளவுதான்.

நமக்கு இது புதிதே இல்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி வந்த புதிதில், மாலைச் செய்தி தொடங்கும் முன்பே அப்பத்தா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வார். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொள்வார். செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றதும் இவரும் கைகூப்பி "வணக்கம்ப்பா" என்பார். நாங்கள் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தப் பெட்டிக்குள் இருப்பவருக்கு நீ கும்பிடுவது தெரியாது என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "தெரியாட்டி என்ன, வீட்டுக்கு வந்து வணக்கம் சொல்றவனுக்குப் பதில் சொல்லணும்ல" என்பார். அந்தச் செய்தி வாசிப்பாளர் ஒரு வாரம் வராமல் போனால், உடம்புக்கு என்னவோ என்று கவலைப்படவும் செய்வார். 1956இல் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் வந்தது அப்பத்தா மடக்கிக்கொண்ட அந்தக் கால்கள்தான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முகம் பாராத நட்பு என்றதும் நமக்குப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வருவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து புலவர் தேடி வந்து உயிர்விட்டார். ஆனால் அது இருதலை நட்பு. சோழனுக்குப் புலவரைத் தெரியும், கட்டாயம் வருவான் என்று இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தான். பார்க்காமல் இருப்பது வேறு, அந்தப் பக்கத்தில் நம்மைத் தெரியாமலே இருப்பது வேறு. தோஹாவில் அழுதுகொண்டிருந்தவருக்காக ஷிரீன் எந்த இடமும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. ஒதுக்கி வைத்திருக்கவும் முடியாது.

தனிமையில் இருப்பவர்களின் கோளாறா?

இப்படிச் சொன்னதும் பலரும் கேட்பது இது: பேச ஆளில்லாதவர்கள்தானே டிவியோடு பேசுவார்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1985இல் ஆலன் ரூபின், எலிசபெத் பெர்ஸ், ராபர்ட் பவல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். இந்த நெருக்கத்தை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்தார்கள். அவர்கள் அளவுகோலுக்கு எடுத்துக்கொண்டது சினிமா நட்சத்திரங்களையோ பாடகர்களையோ இல்லை, உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி சொல்கிறவர்களை. எனக்குப் பிடித்த செய்தியாளர் விடுப்பில் போனால் அவர் இல்லாதது தெரிகிறது, செய்தி ஓடும்போது அவரிடம் ஏதாவது சொல்வேன், அவரைப் பார்ப்பது நண்பர்களோடு இருப்பது போல இருக்கிறது என்கிற தினுசில் வாக்கியங்கள். எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று மக்களைக் கேட்டார்கள். தனிமைக்கும் இந்த நெருக்கத்துக்கும் பொருட்படுத்தும்படியான தொடர்பு எதுவும் தெரியவில்லை. செய்தியை எவ்வளவு நம்பிப் பார்க்கிறோம், தகவலுக்காக எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதோடுதான் அது சேர்ந்து வந்தது. நிறைந்த குடும்பத்தில் இருப்பவருக்கும் இது வரும். எங்கள் அப்பத்தாவைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பேர் இருந்தார்கள்.

அப்படியானால் இந்த நெருக்கத்தை எது கட்டுகிறது? கண்ணைப் பார்த்துப் பேசுவது ஒன்று. அதைவிடப் பெரியது, வேளை தவறாமல் வருவது. நம் சொந்த அண்ணன் தம்பியையே வருடத்துக்கு நான்கு தடவைதான் பார்க்கிறோம், செய்தி சொல்கிறவரைத் தினமும் பார்க்கிறோம். சமையல் வாசனைக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவர் முடி நரைப்பது தெரியும், சளி பிடித்தால் குரலில் தெரியும். நாமும் அவரோடு சேர்ந்து வயதாகிறோம்.

ஆனால் செய்தியாளருக்கும் நடிகருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் எண்ணத்தில் விஷயத்தின் நடுமையமே இதுதான். நடிகர் இன்று போலீஸ்காரர், நாளை வில்லன். செய்தியாளர் ஒவ்வொரு நாளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு தானாகவே வருகிறார். நம் வாழ்க்கையின் கெட்ட நாட்களில் கூட இருந்தவரும் அவர்தான். யாரோ சுடப்பட்டார்கள், எங்கோ வெள்ளம், ஊரடங்கு என்று வயிற்றைப் பிசைகிற நேரத்தில் முதலில் ஒரு முகத்தைத் தேடுகிறோம் இல்லையா? பயந்துபோன ஒரு மணி நேரத்தைச் சேர்ந்து கடந்தவர்களுக்குள் உண்டாகிற ஒட்டுதல், சேர்ந்து சிரித்த நூறு மணி நேரத்தில்கூட வருவதில்லை.

அமெரிக்கர்களுக்கு வால்ட்டர் க்ராங்கைட் அப்படி ஒரு முகம். 1962 முதல் 1981 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மாலைச் செய்தி அவருடையது. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி இறந்த செய்தியை அவர் சொன்ன காட்சியை இன்றும் பார்க்கலாம். கையில் வந்த தாளைப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்க்கிறார், நேரத்தைச் சொல்கிறார். பிறகு தொண்டை அடைத்துக்கொள்ள ஒரு நொடி நிற்கிறார், விழுங்குகிறார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடர்கிறார். சில நொடிகள்தான். அழுதுவிடவில்லை, அழாமலும் இல்லை. அன்று வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த நொடியை மறக்கவே இல்லை. 2009 ஜூலை 17 அன்று 92 வயதில் க்ராங்கைட் இறந்தபோது, அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து 28 வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அமெரிக்கா துக்கம் கொண்டாடியது. அப்பா நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்த அந்தக் கூடம், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அந்த வாசற்படி, எல்லாம் சேர்ந்து போன துக்கம் அது.

இறக்கும்போது எதை இழக்கிறோம்

நெருக்கம் ஒருதலையானது. அதனால் துக்கமும் பொய் என்று ஆகிவிடுமா? இல்லை. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் நமக்கு அவரைத் தெரிந்திருந்தது பொய்யில்லையே. காலையில் எழுந்து பழக்கத்தில் அந்தச் சேனலைப் போட்டால் அங்கே வேறொருவர் நிற்கிறார். உடம்புக்குப் பழகிப்போன ஒரு வேளை திடீரென்று காலியாகிவிடுகிறது.

அந்தக் காலியிடத்தை ஒரு முறை கண்ணுக்கு முன்னாலேயே காட்டினார்கள். 2008 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. என்.பி.சி. தொலைக்காட்சியின் வாஷிங்டன் அலுவலகத்தில் வேலையில் இருந்தபோதே டிம் ரஸர்ட் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 58. அரசியல்வாதிகளை எதிரே உட்கார வைத்து, அவர்கள் பழைய பேச்சை அவர்களுக்கே எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்பவர், 1991 முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தவர். இரண்டு நாள் கழித்து வந்த ஞாயிறு அன்று நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, அவர் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவும் இல்லை. நண்பர்கள் மேஜைக்கு முன்பக்கமாக உட்கார்ந்து பேசினார்கள். பின்னால் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அன்று அமெரிக்காவில் தந்தையர் தினம். தன் தகப்பனாரைப் பற்றி ஓயாமல் பேசிய மனிதர் அவர் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

தமிழர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு, வானொலி வழியாக. டெல்லியிலிருந்து "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயரே ஒரு மணியோசை. 2022 ஆகஸ்டில் அவர் இறந்தார் என்ற செய்தி வந்தபோது, வாழ்நாளில் அவர் முகத்தையே பார்த்திராத என் சித்தப்பா அன்று முழுக்க அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேதத்துக்கு யார் வரலாம்

இனித்தான் சிக்கலான இடம். துக்கம் வந்துவிட்டது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் ஊர்களில் துக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. யாருக்குத் தீட்டு, எத்தனை நாள், கோடி போடுவது யார், நீர்மாலைக்குப் போவது யார், மொட்டை போடுவது யார் என்று எல்லாமே உறவுமுறையை வைத்துத்தான். கேதத்துக்கு வருகிறவரை வாசலிலேயே "என்ன முறை?" என்று கேட்டுவிடுவார்கள். பங்காளியா, சம்பந்தியா, ஊர்க்காரரா என்று தெரிந்தால்தான் அவர் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு அழலாம் என்பது முடிவாகும். அந்த ஏற்பாட்டில் நல்லது நிறைய இருக்கிறது. அழுகிறவரை அது தனியாக விடுவதில்லை, நான்கு பேர் கட்டிப்பிடித்து அழுவார்கள், பத்தாவது நாளோ பதினாறாவது நாளோ எழுந்து நடமாட வைத்துவிடுவார்கள். ஆனால் முறை சொல்ல முடியாதவர்களுக்கு அங்கே இடமில்லை. தோஹா அலுவலகத்தில் தம்பி கேட்ட "என்ன உறவுண்ணே" என்பதும் இந்த வாசற்படிக் கேள்விதான்.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் சமூகம் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று சொல்லலாம். வெளியே சொல்ல முடியாத காதலர் இறந்துபோனது, மணவிலக்கு வாங்கியபின் முன்னாள் கணவர் இறந்தது, வயிற்றிலேயே கலைந்த பிள்ளை, வளர்த்த நாய் என்று அவர் பார்வையில் பலவும் வரும். துக்கம் இருக்கிறது, துக்கப்படும் உரிமை மட்டும் இல்லை. விடுப்பு கிடைக்காது, யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். பல நேரம் அழுகிறவருக்கே வெட்கமாக இருக்கும், எனக்கு என்ன வந்தது என்று தன்னையே அடக்கிக்கொள்வார். அந்தப் பாலஸ்தீனரும் மேலாளர் அந்தப் பக்கம் வந்தபோது சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன்.

தொலைக்காட்சி முகத்துக்காக அழுகிறவர் இந்த வகையில் சேருவார். ஆனால் ஒரு ஊரே, ஒரு நாடே சேர்ந்து அழுதால்? அப்போது முறை கேட்கும் வாசற்படியே இல்லாமல் போய்விடுகிறது. ஷிரீனுக்கு நடந்தது அதுதான்.

ஜெனினிலேயே உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் தொடங்கிவிட்டது. அங்கிருந்து நாப்லுஸ், பிறகு ரமல்லா. மே 12 அன்று ரமல்லாவில் அரசு மரியாதை. அப்புறம் ஜெருசலேம். பல வருடமாக அவர் நின்று செய்தி சொன்ன சாலைகள் வழியாகவே அவரைக் கொண்டுபோனார்கள். தங்கள் ஊரிலும் சவப்பெட்டி வர வேண்டும், ஒரு கையாவது அதன் மேல் பட வேண்டும் என்று மக்கள் வாசலில் காத்திருந்தார்கள். ஒருதலையாக இருந்த உறவுக்கு இந்தக் கடைசிப் பயணத்தில்தான் மறுபக்கம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். இத்தனை வருடம் அவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார், இப்போது அவர்கள் அவரிடம் வந்தார்கள்.

மே 13, வெள்ளிக்கிழமை. கிழக்கு ஜெருசலேமின் புனித யோசேப்பு மருத்துவமனை முற்றத்திலிருந்து சவப்பெட்டியைத் தோளில் தூக்கி, நடந்தே தேவாலயத்துக்குக் கொண்டுபோக இளைஞர்கள் முனைந்தார்கள். இஸ்ரேலியக் காவல்துறை தடிகளோடு உள்ளே புகுந்து அடித்தது. அந்தக் காட்சி உலகம் முழுக்க நேரலையில் ஓடியது. தூக்கியிருந்தவர்களின் கைகளில் அடி விழுகிறது. பெட்டி ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு முனை தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறது. அடியை வாங்கிக்கொண்டே அவர்கள் அதைக் கீழே விடாமல் பிடிக்கிறார்கள். அடிபடுவதைத் தடுக்க ஒரு கையாவது மேலே போக வேண்டுமே, போகவில்லை. இரண்டு கையும் பெட்டியிலேயே இருந்தன. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், அந்தக் கைகளைத் தாண்டி என்னால் வேறு எதையும் பார்க்க முடிந்ததில்லை. அத்தனை பேரும் அவருக்கு என்ன முறை என்று யாரால் சொல்ல முடியும்?

பிறகு யாஃபா வாசல் அருகே உள்ள தேவாலயத்தில் வழிபாடு நடந்தது. ஜெருசலேமின் தேவாலயங்களில் மணி அடித்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் கூடவே நடந்து, சீயோன் மலைக் கல்லறைத் தோட்டத்தில் தாய் தந்தை பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சில சந்தேகங்கள்

இந்த நெருக்கம் ஆபத்தானதாகவும் ஆகலாமா? ஆகலாம். தினமும் வருகிற முகத்தை நம்பிப் பழகிவிட்டால், அந்த முகம் பொய் சொன்னாலும் நம்புவோம். கூச்சல் போட்டு, யாரையோ எதிரியாகக் காட்டி ஆள் சேர்க்கிறவர்களுக்கும் ஒருதலை நண்பர்கள் ஏராளம். நெருக்கமாக உணர்கிறோம் என்பதற்காக ஒருவர் நல்ல செய்தியாளர் என்று ஆகிவிடாது. அதற்கு அவர் எங்கே போய் நின்றார், யாரிடம் கேட்டார், தவறினால் திருத்தினாரா என்றுதான் பார்க்க வேண்டும். ஷிரீன் 25 வருடம் நின்ற இடங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சமூக ஊடகத்தில் படத்தைப் போட்டு இரங்கல் எழுதுவதெல்லாம் வெறும் காட்டிக்கொள்ளல்தானே என்பார்கள். சிலருக்கு அப்படி இருக்கலாம். ஆனால் பலருக்கு அதுதான் கேத வீடு. நேரில் போக ஒரு வாசல் இல்லாதவர் வேறு எங்கே போய் உட்காருவார்? இறந்தவரைப் பற்றிய நினைவைச் சொல்ல ஓர் இடமும், கேட்க நான்கு பேரும் வேண்டும். படத்துக்குக் கீழே "நானும் சின்ன வயதில் சீப்பைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன்" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதும்போது, இன்னொருவருக்கு அது கட்டிப்பிடித்து அழுதது மாதிரிதான்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது இப்படித் துக்கத்தில் இருந்தால், டிவியில் வந்தவர்தானே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக் கேதத்தில் என்ன கேட்போமோ அதையே கேட்கலாம். எப்போதிலிருந்து பார்த்தீர்கள், எந்தச் செய்தி நினைவில் இருக்கிறது, அப்போது கூட யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும்.

தஞ்சாவூர்த் தம்பி அதைத்தான் செய்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, காலையில் மூன்று டீ வாங்கி வந்து ஒன்றை அந்தப் பாலஸ்தீனர் மேஜையில் வைத்தான். யாரிடமோ கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான் போல, "அல்லா யர்ஹம்ஹா" என்றான். கடவுள் அவருக்கு இரங்கட்டும் என்று அர்த்தம். உச்சரிப்பு தப்புதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். அப்புறம் அரை மணி நேரம் பேசினார். 2002இல் அவர் நாப்லுஸில் இருந்தாராம், ஊரடங்கு. ஷிரீன் திரையில் வந்ததும் அவர் அம்மா எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, டிவி சத்தத்தை முழுசாகக் கூட்டி வைப்பாராம். பக்கத்து வீட்டில் டிஷ் கிடையாது.